மூன்று யூ, ஓர் அடிக்கோடு

மார்ச் 3, செவ்வாய்

எம்டிஸ்டாட்டில் (லினக்ஸில் டிஸ்க் தொகுப்பின் நிலையைக் காட்டும் கோப்பு) நான்கு யூ, நலமாக இருக்கும் டிஸ்க்குக்கு ஒன்றாக, இருக்க வேண்டிய இடத்தில் மூன்று யூவும் ஓர் அடிக்கோடும். மூன்றாவது டிஸ்க் அரேயை, நான்கும் சேர்ந்த தொகுப்பை, விட்டு வெளியே போய்விட்டது.

மார்ச் 3, இரவு

புது டிஸ்க் கையில் இருக்கிறது. ஆனாலும் ரீபில்டை, போன டிஸ்க்கின் தரவைப் புதியதில் மறுபடி கட்டும் வேலையை, இப்போது தொடமாட்டேன். ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் அமைப்பு) ரீபில்ட் என்றால் மிச்சமுள்ள மூன்று டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும், ஒவ்வொன்றும் 8 டிபி. ஒலிப்பதிவுகள் இருப்பதோ அதில் ஒரு மூலையில். மூலையை முதலில் வெளியே எடுக்கிறேன். எதுவும் எழுதப்படாதபடி ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்து ஆர்சிங்க் (நகலெடுக்கும் நிரல்) ஓடுகிறது.

மார்ச் 4, புதன்

எல்லாம் வந்துவிட்டன, ஒரு கோப்பைத் தவிர. இன்புட் அவுட்புட் எரர்.

ஏன் அந்தக் கோப்பு?

மார்ச் 5, வியாழன்

ஸ்மார்ட் அறிக்கை, டிஸ்க் தன் நலனைப் பற்றித் தானே வைக்கும் கணக்கு, சொல்லிவிட்டது. இரண்டாம் டிஸ்க், 197-ஆம் வரி: 8. படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சேமிப்புத் துண்டுகள். 512 பைட்டாக எண்ணுவதால் எட்டு. உண்மையில் ஒரே ஒரு 4096 பைட் செக்டாராகத்தான் இருக்கும். நான்கு டிஸ்க்கும் சரியாக இருந்திருந்தால் இது ஒரு செய்தியே இல்லை. மற்ற டிஸ்க்குகளின் தரவையும் பாரிட்டியையும் (தொலைந்ததை மீட்கச் சேர்த்து வைக்கும் கூடுதல் தரவு) வைத்து அரே கணக்கிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதிவிடும், 197 பூஜ்ஜியமாகும், யாருக்கும் தெரியாது. இப்போது கணக்கிட ஓர் ஆள் குறைகிறது.

மாதாமாதம் முழு அரேயையும் செக் ஓட்டுவது இதற்காகத்தான். ஒருவரும் திறக்காத கோப்பின் அடியில் கெட்டுப்போகும் செக்டார், இப்படி முழுக்கப் படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மார்ச் 5, பின்னிரவு

அது டபிள்யூஏவி கோப்பு, சுருக்காத ஒலிப்பதிவு. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ: விநாடிக்கு 1,76,400 பைட். அப்படியானால் 4096 பைட் என்பது 23 மில்லிவிநாடி. ஓர் எழுத்துகூட முழுதாக அடங்காது. எனக்கு அந்த 23 மில்லிவிநாடி வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

எஸ்சிடி ஈஆர்சி (படிக்க முடியாதபோது டிஸ்க் எவ்வளவு நேரம் முயலலாம் என்ற வரம்பு) பற்றியே நாள் முழுக்க யோசனை. அரேயில் இருக்கும் டிஸ்க், செக்டார் படிக்கவில்லை என்றால் 7 விநாடியில் கைவிட வேண்டும். அதுதான் சரியான அமைப்பு, ஏனென்றால் கர்னல் (இயங்குதளத்தின் மையம்) 30 விநாடிதான் பொறுக்கும். டிஸ்க் அதற்குமேலும் முயன்றுகொண்டிருந்தால் இணைப்பை ரீசெட் செய்யும், நல்ல டிஸ்க்கும் வெளியே தள்ளப்படும். ஆனால் இப்போது நிலைமை தலைகீழ். மாற்றுப் பிரதி இல்லாத இடத்தில் 7 விநாடியில் கைவிடுவது கொடுமை. முயலட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். இரண்டாம் டிஸ்க்கில் ஈஆர்சியை அணைத்தேன். கர்னலின் டைம்அவுட்டை 180 ஆக்கினேன்.

அரேயை நிறுத்தியாயிற்று. டிடிரெஸ்க்யூ (கெட்ட டிஸ்க்கிலிருந்து மீட்டு நகலெடுக்கும் நிரல்) ஓடுகிறது, இரண்டாம் டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு. எது வந்தது, எது வரவில்லை என்று குறிக்கும் மேப் கோப்பு தனியே வேறு டிஸ்க்கில்.

மார்ச் 7, சனி

வேகம் குறைகிறது. வெளிவட்டத்தில் தொடங்கி உள்வட்டத்துக்குப் போகும்போது குறையத்தான் செய்யும், தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மார்ச் 7, மாலை

இது முடிந்ததும் ரெய்டு 5 வேண்டாம். நான்கு டிஸ்க்கில் ரெய்டு 6-உம் ரெய்டு 10-உம் ஒரே 16 டிபிதான் தரும். ரெய்டு 10, டிஸ்க்குகளை ஜோடி ஜோடியாக ஒரே தரவுடன் வைப்பது, சின்னச் சின்னதாக எழுதும்போது வேகம். ரீபில்டின்போது ஜோடி டிஸ்க்கை மட்டும் படித்தால் போதும். ஆனால் அந்த ஜோடியே போனால் எல்லாம் போயிற்று. ரெய்டு 6-இல் எந்த இரண்டு போனாலும் தாங்கும். பதிவுகள் ஒருமுறை எழுதினால் மாறாதவை, எனக்கு வேகம் எதற்கு? 6தான். அதற்கு மேல் தனியே ஒரு நகல், வேறு மெஷினில். பாரிட்டி நகல் ஆகாது.

மார்ச் 8, ஞாயிறு

மீதம் 4096 பைட். மற்ற எல்லாம் வந்துவிட்டது.

மார்ச் 8, இரவு

197 இன்னும் 8. பின்னிருந்து முன்னாகப் படிக்கவிட்டிருக்கிறேன். வெளியே போன மூன்றாவது டிஸ்க்கையும் தனியே சொருகிப் பார்த்தேன், படிக்கிறது. அது வெளியேறிய பிறகு அரேயில் அந்தப் பட்டையில் (நான்கு டிஸ்க்கிலும் சேர்த்துக் கணக்கிடப்படும் ஒரு வரிசைத் துண்டு) எதுவும் எழுதப்படாமல் இருந்தால், அதை வைத்தே கணக்கிடலாம். எழுதப்பட்டதா இல்லையா என்று