முயலின் ஈரலில் தொடங்கிய மறுப்பு

மருந்தியல் வகுப்பில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்தைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் ஃபிரான்சிஸ் ஓல்டம் கெல்சியின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்தார், அந்த மருந்துக்கு அனுமதி மறுத்தார் என்று பாடநூல்கள் இரண்டு வரியில் அவரை முடித்துவிடுகின்றன. பலரும் அந்த மறுப்பைத் துணிச்சலின் கதையாகவே சொல்கிறார்கள். துணிச்சல் இருந்தது உண்மை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதற்கு முந்தைய கால் நூற்றாண்டு ஆய்வுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கனடாவில் 1914-இல் பிறந்த கெல்சி, மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து, 1936-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கைலிங்கிடம் சேர்ந்தார். ஃபிரான்சிஸ் என்ற பெயரை ஆண் பெயர் என்று நினைத்த கைலிங், வேலைக்கு அழைத்த கடிதத்தில் அவரை ‘மிஸ்டர்’ என்றே விளித்திருந்தார்.

அடுத்த ஆண்டே பேரிடர் வந்தது. தொண்டைத் தொற்றுக்கு நன்கு வேலை செய்த சல்ஃபனிலமைடைக் குழந்தைகளும் குடிக்கும்படி இனிப்பான திரவமாக்க விரும்பிய ஒரு நிறுவனம், அதை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெரி சுவையூட்டி, விலங்குகளிடம்கூடச் சோதிக்காமல் விற்றது. குடித்தவர்களின் சிறுநீரகங்கள் செயலிழந்து, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நஞ்சு மருந்தில் இருந்ததா, அதைக் கரைத்த திரவத்தில் இருந்ததா என்பதைக் கண்டறியும் பொறுப்பை ஏற்றவர்களில் கைலிங்கின் குழுவும் ஒன்று. மருந்தைத் தனியாகவும், கரைப்பானைத் தனியாகவும், இரண்டும் சேர்ந்த கலவையையும் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; எலிகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பது கெல்சியின் வேலை. கரைப்பானே கொன்றது என்று தெளிவானது. சந்தைக்கு வருமுன் மருந்தின் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1938-இல் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகள் இறந்தபோது, அதில் இருந்ததும் இதே டைஎத்திலீன் கிளைக்கால்தான். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

உலகப் போரின்போது மலேரியா மருந்து ஆய்வில் ஈடுபட்ட கெல்சி, பின்னர் தம் கணவரான எல்லிஸ் கெல்சியுடன் சேர்ந்து, மலேரியா மருந்தான கொய்னாவை முயலின் ஈரல் எப்படிச் சிதைக்கிறது என்று ஆராய்ந்தார். வளர்ந்த முயலின் ஈரல் அதை விரைவாகச் சிதைத்தது. சினை முயலில் அந்த வேகம் குறைந்தது. வயிற்றிலிருந்த கருவின் ஈரலுக்கோ அந்த ஆற்றலே இல்லை. தாய்க்குத் தீங்கு செய்யாத அளவு சேய்க்கும் தீங்கு செய்யாது என்று எண்ணிவிட முடியாது என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

மருத்துவப் பட்டமும் பெற்று, 1960 ஆகஸ்டில் மருந்து நிர்வாகத்தில் சேர்ந்த அவர் மேசைக்கு அடுத்த மாதமே தாலிடோமைடு விண்ணப்பம் வந்தது. அறுபது நாளுக்குள் ஆட்சேபம் எழுப்பாவிட்டால் அனுமதி தானாகவே கிடைத்துவிடும் என்பது அன்றைய விதி. விண்ணப்பத்தைப் பரிசீலித்த வேதியியலாளருக்கும் மருந்தியலாளருக்கும் கெல்சிக்கும், மூவருக்குமே அதில் இருந்த ஆதாரங்கள் போதவில்லை. விண்ணப்பித்த நிறுவனத்தார் நேரிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்ப நெருக்கினார்கள். இதற்கிடையில், இந்த மருந்தைப் பல மாதம் உட்கொண்டவர்களுக்குக் கைகால் நரம்புகள் பாதிக்கப்படுவதாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஒரு சிறு கடிதத்தை 1961 பிப்ரவரியில் கெல்சி படித்தார். வளர்ந்தவர்களின் நரம்பையே கெடுக்கும் மருந்து கருவை என்ன செய்யும் என்று அவர் உடனே யோசித்ததற்கு அந்த முயல்களே காரணம். கர்ப்பிணிகளுக்கு இது பாதுகாப்பானது என்பதற்கான சான்றை நிறுவனத்திடம் கேட்டார். சான்று வரவில்லை. அந்த நவம்பரில் ஜெர்மனியிலிருந்து, கர்ப்பத்தில் இந்த மருந்தை உட்கொண்ட தாய்மார்களுக்குக் கைகால் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகள் பற்றிய செய்தி வந்தது. 1962 மார்ச்சில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது.

அமெரிக்க அதிபர் கென்னடி அவருக்குப் பதக்கம் அணிவித்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய சட்டத்திருத்தம், மருந்து பலன் தருவதையும் நிரூபிக்க வேண்டும், சோதனைக்கு உட்படுவோரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று வகுத்தது. அதன்பின் மருந்துச் சோதனை நடத்தும் மருத்துவர்களின் பதிவேடுகளைச் சரிபார்க்கும் பிரிவைக் கெல்சி பல ஆண்டுகள் நடத்தினார். பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 90.