டிகிரிப்ட் பண்ண ரோம் தேடி அலையாதீங்க

ஆர்கேட் எமுலேட்டர், அதாவது பழைய கேம் கடை கேமை கம்ப்யூட்டர்ல ஓட்டுற புரோகிராம், அது பக்கம் புதுசா வர்றவங்க பாதிப் பேர் கேக்குறது, "டிகிரிப்ட் பண்ண, அதாவது பூட்டைத் திறந்து வச்ச ரோம் செட் இருந்தாத்தான் ஓடுமாமே, உண்மையா?" என் பதில் எப்பவும் ஒண்ணுதான், கேம் போர்டுல இருந்த ரோம் சிப்புக்குள்ள என்ன இருந்துச்சோ அதையே அப்படியே வச்சுக்கோங்க, பூட்டைத் திறக்குறது எமுலேட்டரோட வேலை. டிகிரிப்ட் செட்டெல்லாம் ஒரு காலத்துல வேற வழியே இல்லாம வந்தது, இப்ப அதனாலதான் குழப்பமே.

கேப்காம் கம்பெனியோட சிபிஎஸ்-2ங்கற ஆர்கேட் போர்டையே எடுத்துக்குவோம். 1993ல சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இதுலதான் வந்துச்சு. அதுக்கு முந்தின சிபிஎஸ்-1 கேமையெல்லாம் கண்டபடி காப்பி அடிச்சு போர்டு வித்தாங்க, அதனால இந்தத் தடவை 68000 பிராசசர் மேல பூட்டு போட்டுட்டாங்க. சாவி எங்கன்னா, ஒரு சின்ன பேட்டரியில உயிர் வாழுற ரேம்ல. பேட்டரி தீர்ந்தா சாவி போச்சு, சாவி போனா கேமும் போச்சு, அதான் சூசைட் பேட்டரின்னு சொல்றாங்க. இதுல கில்லாடித்தனம் என்னன்னா, பிராசசர் ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனா எடுத்து ஓட்டும்போது மட்டும்தான் கோட் டிகிரிப்ட் ஆகும், அதே இடத்தை டேட்டாவா படிச்சா பூட்டுன குப்பைதான் வரும். அதனால ரோம் சிப்பைக் கழட்டி டம்ப் (உள்ள இருக்குறதோட அப்படியே காப்பி) எடுத்தும் ரொம்ப நாளைக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல.

2001 ஜனவரியில சிபிஎஸ்-2 ஷாக்னு ஒரு குழு நிஜ போர்டுக்குள்ளயே புகுந்து திறந்த கோடை வெளிய எடுத்துச்சு. அதை நேரா கொடுக்காம, பூட்டுன கோடுக்கும் திறந்த கோடுக்கும் இருக்குற வித்தியாசத்தை எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டா ஒப்பிடுற கணக்கு) டேபிளா கொடுத்தாங்க, ஒரிஜினல் ரோம் கூட அதைச் சேர்த்தா கேம் ஓடும். ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியா போர்டு தேடிப் பிடிச்சு எடுக்கணும், பொறுமைன்னா அதுதான் பொறுமை. அப்புறம் 2007 ஜனவரியில ஆண்ட்ரியாஸ் நைவ், நிக்கோலா சல்மோரியா ரெண்டு பேரும் சேர்ந்து அல்காரிதத்தையே உடைச்சுட்டாங்க. உள்ள இருந்தது நாலு நாலு ரவுண்டா ரெண்டு ஃபைஸ்டல் சைஃபர் (டேட்டாவை ரெண்டா பிரிச்சு மாத்தி மாத்திக் கலைக்குற பூட்டு முறை), 64 பிட் சாவி. அதோட எக்ஸ்ஓஆர் டேபிளுக்கு வேலையே இல்லாம போச்சு. எனக்கு இன்னைக்கும் இதைப் படிக்கும்போது சிலிர்க்கும்.

ஆனா இதோட பலன் என்னன்னா ஒரே கேமுக்கு மூணு விதமான ரோம் ஜிப் சுத்திக்கிட்டு இருக்கு. ரெட்ரோஆர்க்னு பல எமுலேட்டரைச் சேர்த்து ஓட்டுற புரோகிராம்ல மேம் 2003னு ஒரு கோர் இருக்கே, அது மேம்ங்கற ஆர்கேட் எமுலேட்டரோட 0.78 வெர்ஷன், அதுக்கு எக்ஸ்ஓஆர் ஃபைல் வேணும். மேம் 2010 கோர், அதாவது 0.139, அதுக்கு சாவி சோர்ஸ் கோடுக்குள்ளயே இருக்கு, தனியா எதுவும் வேண்டாம். இப்ப வர்ற மேமுக்கும் எஃப்பிநியோங்கற இன்னொரு எமுலேட்டருக்கும் டாட் கீன்னு முடியுற ஒரு ஃபைல் வேணும், வெறும் 20 பைட். அந்த 20 பைட் இல்லன்னா எத்தனை எம்பி ரோம் வச்சிருந்தாலும் கேம் கிளம்பாது. அதனால ஜிப்பை எக்ஸ்ட்ராக்ட் பண்ணாம சும்மா திறந்து பாருங்க, புரோகிராம் ஃபைல் பேரோட எக்ஸ் எழுத்து ஒட்டுன ஜோடி ஃபைல் இருந்தா அது பழைய செட், கீ ஃபைல் இருந்தா புதுசு. ஜிப் பேரு கடைசியில டி எழுத்து இருந்தா பெரும்பாலும் ஃபீனிக்ஸ் எடிஷன், அதாவது பேட்டரி செத்த போர்டுக்காக டிகிரிப்ட் பண்ணி மாத்துன ரோம், மேம்ல அதை பூட்லெக்னுதான் (ஒரிஜினல் இல்லாத காப்பின்னு) போட்டிருப்பாங்க.

எஸ்என்கே கம்பெனியோட நியோ ஜியோ போர்டுல கதை வேற. 1999ல வந்த கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 99ல இருந்து படத்தோட டேட்டா இருக்குற சி ரோமையே சிஎம்சி சிப் வச்சு பூட்டுனாங்க. பழைய எமுலேட்டருக்காக அந்த சி ரோமைத் திறந்து சேவ் பண்ண செட் நிறைய இருக்கு, அதை புது எமுலேட்டர்ல கட்டாயப்படுத்தி ஓட்டுனா ஏற்கனவே திறந்ததை அது மறுபடி திறக்கப் பாக்கும், ஸ்கிரீன் முழுக்க கட்டம் கட்டமா சிதறிடும். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். இந்த சிஎம்சி போர்டுல எஸ்1 ரோம்னு தனியா ஒண்ணு கிடையவே கிடையாது, எழுத்து லேயரோட டேட்டா சி ரோமுக்குள்ளயே இருக்கு. உங்க ஜிப்புல எஸ்1 ஃபைல் இருந்தா யாரோ திறந்து வச்ச செட்தான் அது. நியோஜியோ பயாஸ் (போர்டைக் கிளப்புற புரோகிராம்) ஜிப்பும் அதே ஃபோல்டர்ல இருக்கணும், அதை மறந்துட்டு கேமைத் திட்டாதீங்க.

நம்ம ஊர் கேம் கடையில எல்லாரும் முஸ்தபான்னு சொன்ன கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்லயும் பூட்டு உண்டு, ஆனா சவுண்ட் பக்கம் மட்டும். அதோட க்யூசவுண்ட்ங்கற சவுண்ட் சிஸ்டத்தை ஓட்டுற இசட்80 பிராசசர் சிப் கபுகின்னு ஒரு ஸ்பெஷல் ரகம். மேம் சோர்ஸ்ல அதோட சாவியைப் பாத்தா 76543210, 24601357, 4343, 43னு இருக்கும். இதுக்கெல்லாம் நாம ஒண்ணுமே பண்ண வேண்டாம், ஒரிஜினல் டம்பைப் போட்டா மேமே பாத்துக்கும்.

எது குறையுதுன்னு தெரியலன்னா மேமை கமாண்ட் லைன்ல வெரிஃபைரோம்ஸ்னு போட்டு கேம் பேரோட ஓட்டுங்க, எந்த ஃபைல் இல்ல, எதோட சிஆர்சி (ஃபைல் சரியான்னு பாக்குற செக் நம்பர்) தப்புன்னு பேர் பேரா சொல்லிடும். ஜிப் பேரை மட்டும் மாத்தாதீங்க.

நிஜ போர்டு வச்சிருக்கவங்களுக்கும் ஒண்ணு. 2016ல எடுவார்டோ க்ரூஸ்ங்கறவர் செத்த சிபிஎஸ்-2 போர்டுக்குள்ள ஒரிஜினல் சாவியைத் திரும்ப எழுதுற வழியை வெளியிட்டாரு, ஒரு ஆர்டுயினோ (சின்ன கன்ட்ரோலர் போர்டு) இருந்தா போதும், ரோமைத் தொடவே வேண்டாம். அதனால பேட்டரி போச்சேன்னு ஃபீனிக்ஸ் ரோம் எரிச்சுப் போடாதீங்க, ஏற்கனவே போட்டிருந்தா கழட்டுன பழைய சிப்பைத் தேடி எடுத்து பத்திரமா வைங்க, சாவியைத் திரும்ப எழுதினா அந்த போர்டு இன்னும் அந்தப் பழைய ரோம்லயே ஓடும்.