இரும்புச் சட்டைக்காரனுக்குச் சளி

எல்லாம் அந்தக் கேர்வொஹெயால், அதாவது வாரத்துக்கு ஒரு வீடாக முறைபோட்டுப் படி கூட்டுகிற வழக்கத்தால் வந்த வினை. அந்த வாரம் நம் முறை. படி பளபளவென்று இருந்தாலும் கூட்டியாக வேண்டும். கூட்டுவதைவிட, கூட்டுகிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்பதுதான் முக்கியம் என்பது ஸ்டுட்கார்ட் பக்கம் குடித்தனம் பண்ணுகிற எல்லோருக்கும் தெரியும். துடைப்பத்தை டொக் டொக்கென்று இடித்துக்கொண்டு இறங்கும்போது கீழ்வீட்டம்மா கதவைத் திறந்தார். எஸ்லிங்கன் சந்தையில் அவர் கடைக்கு நிற்கிற அக்கா மகளுக்குக் காய்ச்சலாம். "உனக்குத்தான் மசாலா எல்லாம் அத்துப்படி ஆச்சே, நாலு நாள் வந்து நிற்கிறாயா?" என்றார். இந்த ஊரில் என் முகத்தைப் பார்த்ததும் ஜனங்களுக்குத் தோன்றுவது இரண்டே விஷயம்: யோகா, மசாலா. யோகா என்று கேட்டிருந்தால் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

எஸ்லிங்கன் கிறிஸ்துமஸ் சந்தை தெரியுமல்லவா? போன வருஷம் ரங்ஸ் (என் வீட்டுக்காரர்தான்) சூடான ஒயின் குடித்துவிட்டு, கோப்பைக்குக் கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்காமல் வந்து, அதற்காக மறுநாள் கோப்பையோடு ரயிலேறிப் போனாரே, அதே இடம்தான். பாதி சாதாரணச் சந்தை, பாதி இடைக்காலச் சந்தை. இடைக்காலப் பாதியில் கடை போடுகிறவர்கள் அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முந்தைய உடுப்பில் நிற்பார்கள். யூரோவை யூரோ என்று சொல்லாமல் தாலர் என்பார்கள். தாலர் நாணயமே 1520 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது, அதற்குள் இடைக்காலமே முடிந்துபோயிற்று என்று ரங்ஸ் போனில் எடுத்துக் காட்டினார். அவரைக் கடைப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

உடுப்புக்கு வருவோம். முதலில் ஒரு லினன் அங்கி, அதன்மேல் கம்பளி அங்கி, அதற்கும் மேலே தோள்வரை மூடுகிற, பின்னால் வால் தொங்குகிற ஒரு கம்பளி முக்காடு. இதெல்லாம் வெளியே தெரிவது. தெரியாதது: இரண்டு தெர்மல், ஸ்கீ சாக்ஸ், இடுப்பில் மருந்துக்கடையில் வாங்கிய சூட்டுப் பட்டை, நடுவில் ரங்ஸின் பஞ்சு ஜாக்கெட். எல்லாம் போட்டு முடித்தபோது வளைகாப்புக்கு நாள் குறிக்கலாம், அப்படி இருந்தேன். சின்னவள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா, என் ஸ்கூல் வழியா மட்டும் போகாதே" என்றாள்.

கண்ணாடியைக் கழற்றச் சொன்னார் கீழ்வீட்டம்மா. எனக்கு மைனஸ் ஆறு. கழற்றினால் எடைக்கல் எது, ஜாதிக்காய் எது என்று தெரியாது. 13ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இத்தாலியில் மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது என்று வாதாடி ஜெயித்தேன். (இதுவும் ரங்ஸ் சொன்னதுதான். சில சமயம் பயன்படுகிறார்.) பொட்டுக்கு வாதாட வேண்டியிருக்கவில்லை. தூரதேசத்து வியாபாரி, இருக்கட்டும் என்று அனுமதி கிடைத்தது.

இந்தக் கோலத்தில் எஸ் 1 ரயில். ஜெர்மன்காரர்கள் ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. யானைமேல் ஏறி வந்தாலும் இவர்கள் யானைக்கு டிக்கெட் வாங்கியாயிற்றா என்றுதான் பார்ப்பார்கள். துணைக்கு வந்த ரங்ஸ் இரண்டு கதவு தள்ளி நின்றுகொண்டு, நான் யாரோ தான் யாரோ என்று போனை நோண்டிக்கொண்டிருந்தார். பாட் கான்ஸ்டாட்டில் ஏறிய ஒரு பையன் மட்டும் பொட்டைப் பார்த்தான், முக்காட்டைப் பார்த்தான், மறுபடி பொட்டைப் பார்த்தான். எஸ்லிங்கன் வருவதற்குள் எழுந்தே வந்துவிட்டான். "அக்கா, தமிழா? ஏதாச்சும் வேண்டுதலாக்கா?"

கடையில் என்னென்ன கூடாது என்று கீழ்வீட்டம்மாவிடம் பெரிய பட்டியல் இருந்தது. பிளாஸ்டிக் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, போன் கூடவே கூடாது. மிளகாய்த்தூள் எங்கே என்று கேட்டேன். "கொலம்பஸ் இன்னும் கப்பலேறவில்லை" என்றார். அதாவது 1492க்கு அப்புறம் அமெரிக்காவிலிருந்து வந்த எதற்கும் இடமில்லை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எல்லாம் அவுட். காப்பியும் கிடையாது, அது இந்தப் பக்கம் வந்து சேர 17ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டதாம். மிளகாய் இல்லாமல் நாலு நாள் ஓட்டிவிடுவேன். காப்பி இல்லாவிட்டால் நான் எப்படி இருப்பேன் என்பது உங்களுக்கே தெரியும். வீட்டிலேயே கலந்து ஃபிளாஸ்கில் எடுத்துப்போய், மண் குவளையில் ஊற்றிக் குடித்தேன். கேட்டவர்களிடம் மூலிகை என்றேன்.

அப்புறம் மரப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மிளகு, சுக்கு, கிராம்பு, ஜாதிபத்திரி. சரி. அடுத்ததில் திப்பிலி. அதற்கடுத்ததில் சித்தரத்தை. அதற்கும் அடுத்ததில் அதிமதுரம். ஏங்க, இது கும்பகோணம் பெரிய கடைத்தெரு நாட்டுமருந்துக் கடை! தீபாவளி லேகியத்துக்கு அம்மா சீட்டெழுதிக் கொடுத்தனுப்புவாரே, அதில் ஓமமும் கண்டந்திப்பிலியும் தவிர மிச்சமெல்லாம் எஸ்லிங்கனில் வைக்கோல் பரப்பிய தரையில் கடை விரித்திருந்தது. திப்பிலியை இவர்கள் அந்தக் காலத்தில் மிளகுக்குப் போட்டியாக வாங்கித் தின்றுவிட்டு, பிற்பாடு சுத்தமாக மறந்துவிட்டார்கள். இப்போது துணியில் ஒரு சின்ன முடிச்சாகக் கட்டி, இடைக்கால அதிசயம் என்று சொல்லி ஆறு தாலர். அம்மாவிடம் விலையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கியிருப்பார்.

சித்தரத்தைப் பெட்டிமேல் ஒரு கன்னியாஸ்திரீ படம். 1179இல் காலமான பிங்கன் ஹில்டெகார்ட் அம்மையார். இதயத்துக்கு நல்லது என்று எழுதிவைத்துவிட்டுப் போனாராம். படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வறட்டு இருமலுக்கும் நல்லது, இது எங்கள் அம்மா சொன்னது என்று நானும் சேர்த்துவிட்டேன். எங்கள் அம்மா மட்டும் என்ன குறைந்தவரா?

வாங்குகிறவர்களைவிட மோந்து பார்க்கிறவர்கள்தான் அதிகம். ஒரு அம்மாள் அத்தனை பெட்டியிலும் மூக்கை விட்டு எடுத்து, மிளகில் ஒரு தும்மல் போட்டு, கால் தாலர்கூடச் செலவழிக்காமல் ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார். இன்னொருவர், ஸ்மார்ட் வாட்சும் நாலு பிளாஸ்டிக் பையுமாக, "மிளகெல்லாம் அந்தக் காலத்தில் இருந்ததா? ஆதாரம் உண்டா?" என்று கேட்டார். என்னிடம் வந்து! கி.பி. 408இல் விசிகோத் ராஜா அலாரிக் ரோமை முற்றுகை போட்டு, விலகிப் போவதற்குக் கேட்ட கப்பத்தில் 5,000 பவுண்டு தங்கத்தோடு 3,000 பவுண்டு மிளகும் உண்டு என்று ஆரம்பித்தேன். மிளகு வருவதற்குள் அவர் வறுத்த பாதாம் கடைக்குப் போய்விட்டார். ராத்திரி அப்பாவிடம் புலம்பினால், "யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினதை அகநானூறே சொல்றதே, அதை எடுத்துவிட வேண்டியதுதானே" என்கிறார். மைனஸ் மூன்று டிகிரி, பக்கத்தில் ஒரு பேக்பைப் கோஷ்டி ஒரே மெட்டைக் காலையிலிருந்து ஊதுகிறது, இதில் அகநானூறு.

சரி, உருளைக்கிழங்கு விவகாரம். மத்தியானத்துக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு பொடிமாசும் கொண்டுபோயிருந்தேன். எவர்சில்வர் டப்பா கண்ணில் படக்கூடாதே என்று துணியில் சுற்றி, மேஜைக்கடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டப்பாவை மறைக்கலாம், பெருங்காயத்தை மறைக்க முடியுமா? மேஜை விரிப்பு விலகியது. எதிரில் கத்திக்கடை போட்டிருக்கிற இரும்புச் சட்டைக்காரன், வளையம் வளையமாகக் கோத்த சட்டையும் தலைக்கவசமுமாகக் குனிந்து பார்க்கிறான். ஆறரை அடி, மார்புவரை தாடி. எலுமிச்சை சாதத்தைப் பார்த்தான், மன்னித்தான். பொடிமாசைப் பார்த்தான். "உருளைக்கிழங்கு!" என்று ஒரு கத்து கத்தினான் பாருங்கள், பேக்பைப் நின்றுவிட்டது.

அதோடு விட்டானா? உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், அதையும் ஜனங்கள் சீந்தவில்லை, 1756இல் பிரஷ்ய ராஜா ஃபிரெடெரிக் உத்தரவு போட்டு நடச்சொல்ல வேண்டியிருந்தது என்று கூட்டம் சேர்த்து எனக்குப் பாடம் எடுத்தான். கீழ்வீட்டம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். இது உருளைக்கிழங்கு சாலட் இல்லாமல் உள்ளே சோறு இறங்காத ஊர். மவுல்டாஷெனுக்குத் தொட்டுக்க அது, ஷ்னிட்செலுக்குத் தொட்டுக்க அது, கல்யாணத்துக்கு அது, கருமாதிக்கும் அது. அதில் மயோனைஸ் ஊற்றுகிறானே என்று வடக்கத்தி ஜெர்மன்காரனோடு ஆயுசுக்கும் சண்டை போடுகிற ஜனங்கள், என் பொடிமாசுக்கு வரலாறு கேட்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்க நான் வாயைத் திறப்பதற்குள் அவன் தும்மினான். சட்டை மொத்தமும் சலசலவென்று குலுங்க, அடுத்தடுத்துத் தும்மல். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கண்ணெல்லாம் நீர். மூக்கு தக்காளிப்பழமாகப் பழுத்திருந்தது. (தக்காளியும் கூடாதுதான், இருக்கட்டும்.)

அந்த நேரம் பார்த்து முக்காட்டுக்குள் போன் அதிர்ந்தது. அம்மா, வீடியோ கால். எடுக்காவிட்டால் அடுத்த கால் ரங்ஸுக்கு, அதற்கடுத்தது தூதரகத்துக்கு. மேஜைக்கடியில் இருந்தபடியே எடுத்தேன்.

"யாருடி அது பின்னால, கூத்துக் கட்டறவனா?"

"எதிர்க்கடைப் பையன்மா. சளி பிடிச்சிருக்கு."

"பிடிக்காம என்ன பண்ணும்? இந்தக் குளிர்ல இரும்பை எடுத்து உடம்புல மாட்டிண்டு நின்னா! பெத்தவ பார்த்தா வயிறு எரியாது? கிட்டக் காட்டு அவனை."

காட்டினேன். அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, ராணிக்குக் குனிகிற தோரணையில் குனிந்தான். அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "தலைக்கு எண்ணெய் வைக்கறானா கேளு." கேட்டேன். சாலட்டுக்குத்தான் எண்ணெய் விடுவானாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "சித்தரத்தை விக்கற இடத்துல நின்னுண்டு வேடிக்கை பார்க்கறே! தட்டிப்போட்டுக் கொதிக்கவிடுடி. ரெண்டு மிளகு, ஒரு துண்டு அதிமதுரம்."

சித்தரத்தை லேசில் உடையாது. வெளியே செம்பழுப்பில் வரிவரியாக இருக்கும், உள்ளே ஒரே நார். அவன் கடைச் சுத்தியலையே வாங்கிவந்து பட்டறைக் கல்மேல் வைத்து நாலு போடு போட்டேன். பிளந்ததும் வருமே ஒரு காரமான வாசனை, அது வந்ததும் பேக்பைப் கோஷ்டியில் ஒருவர் குழலை இறக்கிவிட்டு எட்டிப்பார்த்தார். தேன்மது விற்கிற பக்கத்துக் கடையில் கரி அடுப்பு இருந்தது, தேனும் இருந்தது. பாதியாகச் சுண்டவைத்து மண் குவளையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டான். "இதில் மிளகாய் இல்லையே?" என்றான். கொலம்பஸ் இன்னும் கப்பலேறவில்லை என்றேன்.

அப்புறம் காலி பீப்பாய்மேல் உட்கார்ந்து மிச்சத்தைக் குடித்து முடித்தான். சின்ன வயதில் இருமல் வந்தால் அவன் பாட்டி வெங்காயத்தை நறுக்கித் தேன் விட்டு ராத்திரி முழுக்க வைத்து, இறங்குகிற சாற்றை ஸ்பூனில் கொடுப்பாராம். பாட்டி போனபின் இப்படிக் கூப்பிட்டுவைத்து யாரும் எதுவும் குடிக்கக் கொடுத்ததில்லை என்றான். அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "வெங்காயமா? பரவாயில்லையே, விவரம் தெரிஞ்ச பாட்டிதான்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கும் போட்டுக்கொடு" என்றார்.

மறுநாள் மேஜைக்கடியில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது விரிப்பு மறுபடி விலகியது. இரும்புச் சட்டைக்காரன் மண் கிண்ணத்தோடு உள்ளே நுழைந்து, கஷ்டப்பட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தான். கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சாலட். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குள் விஷயம் சந்தை முழுக்கப் பரவிவிட்டது. பந்து வீசிப் பிடிக்கிற வித்தைக்காரன், பாதாம் வறுக்கிற பெண், பேக்பைப் கோஷ்டி மொத்தமும் வரிசையில். "மெல்லாதே, ஒரு ஓரமா அடக்கிக்கோ, சாற்றை மட்டும் விழுங்கு" என்பதை ஜெர்மனில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. சந்தை முடிவதற்குள் சித்தரத்தைப் பெட்டி துடைத்துவைத்த மாதிரி காலி. கீழ்வீட்டம்மாவுக்கு வாயெல்லாம் பல். கூலியோடு அந்த முக்காட்டையும் எனக்கே கொடுத்துவிட்டார்.

இப்போது எனக்குச் சளி. தொண்டை கட்டி, காதடைத்து, பேசினால் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. அம்மா தினம் கூப்பிடுகிறார். எடுத்ததும் முதல் கேள்வி, "அந்த இரும்புச் சட்டைப் பையனுக்குத் தேவலையா?" எனக்கும்தான் முடியவில்லை என்றால், "உனக்கென்ன, தலையைச் சரியாத் துவட்டியிருக்க மாட்டே" என்று ஒரே வரி. கஷாயம் வைக்கலாம் என்றால் சித்தரத்தையில் ஒரு சிம்புகூட மிச்சமில்லை, அத்தனையும் நானே விற்றுத் தொலைத்தேன். ரங்ஸ் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு அலாரிக் கடைசியில் என்ன ஆனார் என்று படித்துக்கொண்டிருக்கிறார்.

இன்று காலையில் அம்மா பார்சல் போட்டுவிட்டாராம். ஒரு கிலோ சித்தரத்தை, ஒரு பெரிய பாட்டில் நல்லெண்ணெய். கேட்டதும் கண்ணே கலங்கிவிட்டது எனக்கு. "சித்தரத்தையில பாதி உனக்கு" என்றார். "எண்ணெய் பூரா அந்தப் பையனுக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை வைக்கச்சொல்லு." சுங்கத்தில் கூப்பிட்டு இதெல்லாம் என்ன என்று கேட்டால், கட்டின தொண்டையோடு போய் நிற்கப்போவது நான்தான்.