எக்ஸோசோம் பிரித்த எட்டு மாதம்

முதல் தடவை குழாயை வெளியே எடுத்தபோது அடியில் எதுவுமே தெரியவில்லை. காலையிலிருந்து சுழற்றியது வீணோ என்று நெஞ்சு படபடத்தது. பிறகுதான் கற்றுக்கொண்டேன்: ரோட்டாரில் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பாகம்) வைக்கும் முன்பே, சுழலும் மையத்துக்கு எதிர்ப்புறமாக இருக்கப்போகும் குழாய்ச் சுவரில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். எக்ஸோசோம்கள், அதாவது செல்கள் சுரக்கும் மிக நுண்ணிய பைகள், படிவது அங்கேதான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்தக் கோட்டை நம்பிக் கரைத்தெடுக்க வேண்டும்.

வயதுவந்த இதயத்தில் தசைச் செல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதமே புதிதாகின்றன. வயது ஏற ஏற அதுவும் குறைகிறது. மாரடைப்பில் செத்த இடம் தழும்பாகிவிடும். ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக மாறக்கூடியவை) செலுத்தினால் இதயம் ஓரளவு தேறுகிறது, ஆனால் அந்தச் செல்களில் பெரும்பாலானவை அங்கே தங்குவதே இல்லை. அப்படியானால் வேலை செய்வது எது? அவை சுரக்கும் எக்ஸோசோம்கள் என்று 2010இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் காட்டினார்கள். 30 முதல் 150 நானோமீட்டர் வரையிலான கொழுப்புச் சவ்வுப் பைகள். உள்ளே புரதங்களும், மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏக்களும். என்னை இந்த வேலைக்கு இழுத்தது அந்தக் கட்டுரைதான்.

செய்முறை, சொல்வதற்கு எளிது. ஸ்டெம் செல் வளர்ந்த ஊடகத்தை (ஊட்டத் திரவத்தை) எடுத்து, புவியீர்ப்பைப் போல 300 மடங்கு, 2,000 மடங்கு, 10,000 மடங்கு என்று படிப்படியாகச் சுழற்றிச் செல்களையும் சிதிலங்களையும் கழிக்க வேண்டும். கடைசியில் 1,00,000 மடங்கில் 70 நிமிடம். கிடைத்ததை இதயத்தசைச் செல்களுக்குக் கொடுத்து, மாரடைப்பைப் போலவே ஆக்சிஜனைக் குறைத்து, மறுபடி ஏற்றினேன். எக்ஸோசோம் கொடுக்காத தட்டைவிடச் செல்களின் சாவு வெகுவாகக் குறைந்திருந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

ஆய்வகத்தில் மூத்தவரான அக்கா முடிவுகளின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “செல்லே படாத ஊடகத்தை இதே மாதிரி சுழற்றிப் பார்த்தியா?”

பார்க்கவில்லை. பார்த்தபோது அதுவும் செல்களைக் காப்பாற்றியது.

காரணம், செல்கள் வளர ஊடகத்தில் நாங்கள் சேர்க்கும் கன்றுச் சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்). அதிலேயே மாட்டு எக்ஸோசோம்கள் நிறைய உண்டு. நான் அளந்ததில் எவ்வளவு ஸ்டெம் செல்லுடையது, எவ்வளவு கன்றுடையது என்று பிரிக்க வழியே இல்லை. ஐந்து மாத அளவீடுகளை ஒதுக்கி வைத்தேன். அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை.

மறுபடி தொடங்கினேன். செல்களைக் கழுவி, சீரமே இல்லாத ஊடகத்தில் 48 மணி நேரம் வைத்தேன். கிடைக்கும் அளவு மிகவும் குறைந்ததால் பல குடுவைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. புரதங்களை அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், எக்ஸோசோம்களின் அடையாளப் புரதங்களான சிடி63, சிடி81 இரண்டும் தெரிந்தன. செல்லின் உட்சவ்வில் இருக்கும் கால்நெக்சின் என்ற புரதம் இல்லை, அதாவது உடைந்த செல்களின் உட்சவ்வு கலக்கவில்லை. உறைந்து உருகினால் பைகள் சிதையும் என்பதால், ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் தனித்தனிக் குழாய்களில் மைனஸ் 80 டிகிரியில் வைத்தேன்.

இம்முறை வெற்று ஊடகம் எதையும் காப்பாற்றவில்லை. எக்ஸோசோம்கள் காப்பாற்றின, முன்பு கண்டதில் பாதி அளவுக்கு. மூன்று தடவை திரும்பச் செய்தும் அதே பாதி.

இப்போது ஒவ்வொரு சுழற்சியிலும் வெற்று ஊடகக் குழாய் ஒன்றும் ரோட்டாரில் ஏறுகிறது. உயிருள்ள இதயத்தில் சோதிக்க விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் போன மாதம் விண்ணப்பித்திருக்கிறேன்.