பாலத்துக்கு அந்தப் பக்கம்

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களின் விவகாரங்களைக் கவனிக்கும் அலுவலகம் ஓ.பி.எம். மணிக்கூலிப் பகுதிகளின் எல்லைகளை மாற்றி வரையும் அதன் இறுதி விதி 2025 ஜனவரியில் வெளியானபோது எங்கள் கட்டடத்தில் யாரும் அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கவில்லை. நேரே கவுண்டிப் (மாவட்டம் மாதிரி) பட்டியலுக்குப் போய், தங்கள் கவுண்டி எந்த ஊரின் சம்பளப் பகுதியில் விழுந்திருக்கிறது என்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் ஜெனரல் ஷெட்யூல் ஆள். மேசை வேலை, ஆண்டுச் சம்பளம். விதி மணிக்கூலிக்காரர்களுக்கானது: வெல்டர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் துணி துவைப்பவர்.

எங்கள் கவுண்டி பெருநகரத்தோடு சேர்ந்துவிட்டது. அக்டோபரிலிருந்து நடைமுறை என்று போட்டிருந்தது. கீழே ஷாப்பில், அதாவது பட்டறையில், கைதட்டல் கேட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்று முழுக்க மனதில் ஓடியது, பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு காருக்குள் நான் சொன்ன இரண்டு பதில்கள். இரண்டும் விதிப்படி சரி. இப்போது யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஏன் உறுத்த வேண்டும் என்று யோசித்ததில் இதை எழுத வேண்டியதாகிவிட்டது.

அது கூலிக் கணக்கெடுப்புக்குப் போன கார். அதற்கு இருவர் இருவராகத்தான் போக வேண்டும். ஒருவர் நிர்வாகம் பரிந்துரைத்தவர், இன்னொருவர் தொழிற்சங்கம் பரிந்துரைத்தவர். சம்பளப் பகுதிக்குள் இருக்கிற, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தனியார் தொழிற்சாலைகளுக்குப் போய், நம் ஆட்கள் செய்யும் வேலையை அங்கே செய்பவருக்கு மணிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். 1972 சட்டத்தின் அடிப்படையே இதுதான். உள்ளூரில் என்ன கூலி ஓடுகிறதோ அதை அரசாங்கமும் கொடுக்கும். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. உள்ளூர் எங்கே முடிகிறது என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

எனக்கு ஜோடியாக வந்தவர் வெல்டர். ஐந்தாம் படியில் இருந்தவர். மணிக்கூலியில் அதற்கு மேல் படி கிடையாது. காலையில் போன முதல் தொழிற்சாலையிலேயே அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துவிட்டது. அங்கே ஹெச்.ஆர். அம்மாள் கொடுத்த பட்டியலில் ஒரு வெல்டருக்கு நல்ல கூலி போட்டிருந்தது. பதவியின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது, வேலையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இவர் கேள்வி கேட்டார். எந்த உலோகம்? தலைக்கு மேலே பிடித்து வெல்டு வைப்பாரா? வரைபடத்தைப் பார்த்துத் தானே வேலையைப் பிரித்துக்கொள்வாரா? அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அங்கே அந்த வெல்டர் ரோபோ கூண்டுக்கு வெளியே நின்று ஒரு பலகையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வெல்டிங் டார்ச் ஒரு கொக்கியில் தொங்கியது.

நான் டிக் அடிக்கப் பேனாவை எடுத்துவிட்டேன். இவர் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார். "இது நம்ம வேலை இல்லை. இவர் புரோகிராம் எழுதுறார். சேர்த்தா எங்களுக்கு நல்லதுதான். ஆனா நம்ம வேலை இல்லை." அந்த வரியை அடித்து நீக்கிவிட்டேன். சங்கத் தரப்பு ஆள், சங்கத்துக்குச் சாதகமான எண்ணைத் தானே வெளியே தள்ளியதை அன்றுதான் பார்த்தேன். காரில் ஏறும்போது அதைச் சொல்லிப் பாராட்டினேன் என்று ஞாபகம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதியத்துக்கு மேல் வடக்கே போகிற சாலையில் ஓர் ஓடைப் பாலம் வரும். கவுண்டி அங்கே முடிகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கமே நாங்கள் திரும்ப வேண்டும். அந்தப் பக்கம், பேஸ்பால் பந்தை எறிந்தால் விழுகிற தூரத்தில், ஒரு இரும்புச் சட்டகத் தொழிற்சாலை. வேலியில் நீளமான பேனர்: வெல்டர்கள் தேவை, மணிக்கு இவ்வளவு. எங்கள் அட்டவணையில் அதே வேலைக்கு இருந்ததைவிட நாலு டாலருக்கு மேல் கூடுதல். அதன் உள்ளே நடப்பது ரோபோ வேலை இல்லை, எங்கள் ஷாப்பில் நடப்பதே என்று இருவருக்கும் தெரியும். எங்களிடம் பயிற்சி முடித்த பையன்கள் சிலர் போய்ச் சேர்ந்தது அங்கேதான்.

"இங்க நிறுத்தலாமா?" என்றார்.

"அது அடுத்த கவுண்டி" என்றேன்.

சும்மா இருந்தார். நான் காரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம், கோபமில்லாமல், வழி கேட்கிற மாதிரிக் கேட்டார்: "உங்க சம்பளத்துக்கும் இந்தப் பாலம்தான் எல்லையா?"

"அது வேற சட்டம்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு வானிலையைப் பற்றியும் டயர் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தோம்.

அது வேறு சட்டம்தான். ஜெனரல் ஷெட்யூலுக்கான வட்டாரச் சம்பளம் 1990 சட்டத்தில் வந்தது, 1994லிருந்து கொடுக்கிறார்கள். அதன் வரைபடம் பெருநகரத்தையும் அதோடு போக்குவரத்தால் ஒட்டிய கவுண்டிகளையும் ஒன்றாகப் பார்க்கிறது. மணிக்கூலியின் வரைபடம் அதைவிடப் பழையது. தூரம், சாலை, மலை ஆறு, யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், தொழிற்சாலைகள் எந்த மாதிரி என்று பல அளவுகோல்களைச் சேர்த்து வரைந்தது. என் சம்பளம் பெருநகரத்தோடு போனது. கீழே வெல்டரின் சம்பளம் இங்கேயே நின்றது. அவர் வீடு இருந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வந்தார்.

எங்கள் இடம் ஒன்றும் விதிவிலக்கு இல்லை. இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் பென்சில்வேனியாவின் டோபிஹானா ராணுவப் பணிமனையைத்தான் உதாரணம் சொல்வார்கள். மன்ரோ கவுண்டியில் இருக்கிறது. 2005 முதல் அங்கே மேசையில் உட்காருபவருக்கு நியூயார்க் வட்டாரச் சம்பளம்; அதே வளாகத்தில் மின்னணுக் கருவியைப் பிரித்துப் பழுது பார்ப்பவருக்கு புதிய விதி நடைமுறைக்கு வரும்வரை ஸ்க்ரான்டன், வில்க்ஸ்பாரி பகுதிக் கூலிதான். ஒரே கேட், ஒரே வண்டி நிறுத்துமிடம். வட்டாரச் சம்பளம் சின்ன விஷயமில்லை: 2025இல் அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் நியூயார்க்குக்கு 37.95 சதவீதம், எந்த நகரத்திலும் சேராத மிச்ச அமெரிக்காவுக்கு 17.06. ஒரே ஜெனரல் ஷெட்யூல் பகுதிக்குள் இரண்டு மூன்று மணிக்கூலிப் பகுதிகள் இருக்கக் கூடாது என்று கூலி ஆலோசனைக் குழு 2010லேயே பெரும்பான்மை வாக்கில் பரிந்துரைத்தது. அது விதியாக வர 2025 ஆகிவிட்டது.

சரி, அன்று நான் நிறுத்தியிருந்தால்? ஒன்றும் நடந்திருக்காது. இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பகுதிக்கு வெளியே எடுத்த எண்ணைச் சரிபார்ப்பிலேயே தூக்கிப் போட்டிருப்பார்கள். அந்தத் தொழிற்சாலையை யாருமே எண்ணவில்லை என்றும் இல்லை. பெருநகரப் பகுதிக்காகப் போகிற ஜோடி அங்கே போகும். ஆக, அந்தக் கூலி ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டினால் வருகிற ஊரில் இருப்பவர்களின் சம்பளத்தில் கணக்கானது, பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குக் கணக்கில்லை. இதைச் சொல்லி என் தரப்பை நியாயப்படுத்தத்தான் ஆரம்பித்தேன். எழுதி முடித்துப் படித்தால் அவர் தரப்புக்குத்தான் பேசுகிறது.

இன்னொரு வாதம் இருக்கிறது, அதுதான் பலமானது. கணக்கெடுப்பில் என்ன வந்தாலும் அது அப்படியே சம்பளமாக மாறுவதில்லை. 1979 நிதியாண்டிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றம் வருஷா வருஷம் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்துவருகிறது: மணிக்கூலிக்காரர்களின் உயர்வு ஜெனரல் ஷெட்யூல்காரர்களின் சராசரி உயர்வைத் தாண்டக் கூடாது. நாங்கள் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கிப் பத்து சதவீத வித்தியாசத்தைக் கண்டுபிடித்தாலும், அந்த வரி அதை வாசலிலேயே நிறுத்திவிடும். அப்படியானால் பகுதிகளுக்கு இடையே இருக்கிற வித்தியாசம், எப்போதோ உறைந்து போன வித்தியாசம். அதைக் கணக்கெடுப்பால் உருக்க முடியாது, கோட்டை மாற்றி வரைந்தால்தான் உண்டு. இதை நான் பிற்பாடு கண்டுபிடித்த பெரிய உண்மை போல நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சங்கத்தில் இருப்பவருக்கு அந்த உச்சவரம்பு தெரியாமலா இருக்கும்?

"எழுதினாலும் வராதுன்னு தெரியும்" என்றார். "எழுதியிருந்தா, வரலைங்கிறதாவது தாளில இருந்திருக்கும்."

இதற்கு நான் சொன்னது, கணக்கெடுப்புக்கு முன்னால் நடக்கிற கூட்டத்தில் எந்த இடங்களைச் சேர்க்க வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே, அதற்கான இடம் அதுதானே என்று. அவர் சொல்லியிருக்கிறார். ஒரு தடவைக்கு மேல். கணக்கெடுப்பைக் கவனிக்கும் உள்ளூர்க் குழு எழுதி மேலே அனுப்பியும் இருக்கிறது. மேலே போனதற்குப் பிறகு என்ன ஆனது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஒழுங்கான வழி இருக்கிறதே என்று நான் கைகாட்டிய வழியில் அவர் ஏற்கெனவே போய்த் திரும்பியிருந்தார்.

காலையில் ரோபோ வெல்டரை அவர் தள்ளியதை நினைத்துப் பார்க்கிறேன். அவரும் விதியைத்தான் பின்பற்றினார், நானும் விதியைத்தான் பின்பற்றினேன். அவர் பின்பற்றிய விதி அவருக்கு நஷ்டம். நான் பின்பற்றியதில் எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. இந்த வித்தியாசத்தை வைத்து என்னைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது என்றுதான் எப்போதும் முடிவுக்கு வருகிறேன். விதியை மடக்கிவிடுகிற ஆளாக நான் இருந்தால் அவர் முதலில் என்னோடு காரில் ஏறியிருக்கவே மாட்டார். ஆனால் 'அது வேற சட்டம்' என்று சொன்ன வேகம் இருக்கிறதே, அதற்கு எந்த விதியும் பொறுப்பில்லை. யோசிக்காமல் வந்த பதில் அது. யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு அதுவரை வந்ததே இல்லை.

புதிய வரைபடம் வந்த பிறகாவது தெளிவு வர வேண்டும். எனக்கு வரவில்லை. இப்போது செய்திருப்பது, மேசை வேலைக்காரர்களின் வரைபடத்தைப் பெரும்பாலும் மணிக்கூலிக்காரர்களுக்கும் நீட்டியதுதான். நியாயம் என்று தோன்றுகிறது. ஆனால் உள்ளூரில் ஓடும் கூலி என்ற பழைய கருத்து இதில் எங்கே நிற்கிறது? அறுபது எழுபது மைல் தள்ளி ஓடுகிற கூலி உள்ளூர்க் கூலியா? வெல்டரைக் கேட்டால், 'உங்களுக்கு மட்டும் அது உள்ளூரா' என்பார். நிர்வாகத்தில் சிலர் இன்னொன்றைச் சொல்கிறார்கள். பணிமனைகள் தங்கள் செலவை, வேலை கொடுக்கும் படைப்பிரிவுகளிடம் மணிக் கட்டணமாகத்தான் வசூலிக்கின்றன. கூலி ஏறினால் கட்டணம் ஏறும், வேலை வேறு பணிமனைக்குப் போகலாம் என்கிறார்கள். ஜெனரல் ஷெட்யூல் சம்பளம் ஏறியபோது இதே கவலையை அவர்கள் பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நானும் அப்போது பட்டதில்லை.

கோடு நகர்ந்தால் எல்லோருக்கும் ஏறாது என்பதும் உண்டு. குறைந்த அட்டவணைப் பக்கம் விழுகிற கவுண்டிகளும் இருக்கின்றன. அங்கே இப்போது இருப்பவரின் சம்பளம் குறையாது, பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் பழைய கூலி புது அட்டவணையின் உச்சத்தைத் தாண்டி நின்றால், அடுத்தடுத்து வரும் உயர்வில் பாதிதான் அவருக்குக் கிடைக்கும். புதிதாகச் சேருபவர் நேரே குறைந்த அட்டவணையில் உட்காருவார். ஒரே தொட்டியில் துணி அலசும் இரண்டு பேருக்கு இரண்டு கூலி. விதியை ஆதரிக்கும் கூட்டத்தில் இதைச் சொன்னால், எதிர்க்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எதிர்க்கவில்லை.

வெல்டர் விதி வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வூதியம், சேவையில் அதிகச் சம்பளம் வாங்கிய தொடர்ச்சியான மூன்று வருஷங்களின் சராசரியை வைத்துத்தான் கணக்கு. அந்த மூன்று வருஷமும் அவருக்குப் பழைய கோட்டுக்குள் போனவை. புதுக் கோடு பின்னோக்கிப் போகாது. விதி வெளியான அந்த வசந்த காலத்தில் ஏதோ காப்பீட்டுப் படிவம் கேட்டு எனக்குப் போன் செய்தார். நானே விதியைப் பற்றி எடுத்தேன். தெரியும் என்றார், பசங்களுக்கு நல்லது என்றார்.

"அந்தச் சட்டகத் தொழிற்சாலையை மூடிட்டாங்க, தெரியுமா?" என்றார். "போன வருஷம். நம்மகிட்ட இருந்து போன பசங்கள்ல ரெண்டு பேர் திரும்ப விண்ணப்பம் போட்டிருக்காங்க."

எனக்குத் தெரியாது. கேட்டதும் முதலில் தோன்றியது, பார்த்தீர்களா, அந்த நாலு டாலர் நிலையான கூலியே இல்லை என்று. நல்லவேளை வாயைத் திறக்கவில்லை. அது ஓடிய வருஷங்களில் ஓடிய கூலிதானே. கணக்கெடுப்பு கேட்பதும் அந்தந்த வருஷத்து எண்ணைத்தான். திரும்பி வரும் பையன்களை எந்தப் படியில் சேர்ப்பீர்கள் என்று கேட்டார். அக்டோபருக்கு முன்னால் சேர்ந்தால் பழைய அட்டவணை, பிறகு சேர்ந்தால் புதியது என்றேன். அப்படியானால் அக்டோபர் வரை பொறுக்கச் சொல்லட்டுமா என்றார். அதற்குள் இடம் நிரம்பிவிடலாம், நான் எதுவும் சொல்ல முடியாது என்றேன்.