ஒத்தடம், உருவல், பொல்பலா: ஹட்டன் நாட்குறிப்பு

2025 ஜனவரி 6, திங்கள்

பனி இறங்கினால் லயத்து (தேயிலைத் தோட்ட வரிசை வீட்டு) அடுப்பில் உப்புச் சட்டி ஏறிவிடும். முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) அடிபட்டவருக்கு ஒத்தடம் வேண்டாம் என்றில்லை, இடம் பார்த்து வைக்க வேண்டும். நாள் முழுக்கச் சக்கர நாற்காலியைத் தள்ளும் தோளுக்கும் கழுத்துக்கும் தாராளமாக வைக்கலாம். அங்கே உணர்ச்சி இருந்தால் சுட்டதும் வாய் சொல்லிவிடும். உணர்ச்சி இல்லாத இடுப்புக்கும் காலுக்கும் வேண்டாம். தொட்டால் பொறுக்கக்கூடிய 44, 45 பாகைச் சூடுகூட ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் தோலை வேகவைத்துவிடும். சுடுதண்ணிப் பையைக் கம்பளிக்குள் காலடியில் வைத்துத் தூங்குவதால்தான் இங்கே பாதிக் கொப்புளம் வருகிறது. கால் குளிர்ந்தால் இறுக்கமில்லாத கம்பளிக் காலுறை போதும்.

உப்புக் கிழி (சூடாக்கிய உப்பைக் கட்டிய துணி) ஏமாற்றும். மேலே துணி ஆறியிருக்கும், அழுத்தினால் உள்சூடு வெளியே வரும். பத்து எண்ணும்வரை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் அழுத்திப் பாருங்கள். கை இழுத்துக்கொண்டால் இன்னும் ஆறவேண்டும். வைக்கும்போதும் ஓரிடத்தில் நிறுத்தாமல் ஒற்றி ஒற்றி எடுக்கவும். பத்து நிமிடம் போதும்.

ஜனவரி 8, புதன்

எண்ணெய் போட்டு உருவுவது பற்றி. நல்லெண்ணெயா தைலமா என்ற வாக்குவாதத்தில் எனக்கு அக்கறையில்லை. எண்ணெய் எதுவானாலும் செத்த நரம்பு எழும்பாது. இறுகின தசை கொஞ்சம் இளகும், உடம்புக்குச் சுகமாக இருக்கும், நல்ல தூக்கம் வரும். அது சின்ன விஷயமில்லை.

கை வைக்குமுன் இரண்டு கெண்டைக்காலையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கி, சூடாக, சிவந்திருந்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். உருவினால் கட்டி பெயர்ந்து நெஞ்சுக்குப் போகும். அடிபட்ட முதல் மூன்று மாதம் இந்தப் பயம் அதிகம். இடுப்பு மூட்டு திடீரென வீங்கி மடங்க மறுத்தால் தசைக்குள் எலும்பு வளரத் தொடங்கியிருக்கலாம். அதையும் பலாத்காரமாக மடக்கக் கூடாது. நிற்காத காலின் எலும்பு நாளடைவில் பொறபொறத்துப் போகும். வெடுக்கென்று இழுத்தாலே முழங்காலுக்குச் சற்று மேலே முறியும், முறிந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது.

கழுத்தடி பட்டவரின் விரல்களை மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்தபடி நீட்டி நீட்டி உருவுவது நல்ல எண்ணத்தில் செய்யும் பெரிய கெடுதல். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல் தானாக மடங்குவதை வைத்துத்தான் அவர் கோப்பையைப் பிடிக்கிறார். விரலை மடக்கும் தசைநாண் தளர்ந்துவிட்டால் அந்தப் பிடி போச்சு. விரலை நீட்டும்போது மணிக்கட்டு கீழே மடங்கியிருக்கட்டும்.

இன்னொன்று, எண்ணெய் ஆணுறைக் கதீட்டரின் (ஆணுறைபோல் மாட்டும் சிறுநீர்க் குழாயின்) ரப்பரை இளக்கிவிடும், ஒட்டும் பிடிக்காது. தொடை இடுக்கைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்துவிட்டே மாட்டவும்.

ஜனவரி 11, சனி

ஊசி வைத்தியம் (அக்குபஞ்சர்) சிலருக்கு எரிவு வலியைக் குறைக்கிறது, சிலருக்கு ஒன்றுமில்லை. ஒருமுறை பாவித்து எறியும் ஊசியா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். இரத்தம் இளகும் மருந்து குடிப்பவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நெஞ்சுப் பகுதி முதுகெலும்பின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு ஒரு தனி ஆபத்து. கீழே எங்காவது குத்தினால், அழுத்தினால், சலப்பை (சிறுநீர்ப்பை) நிரம்பினால், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மண்டை வெடிக்கிற தலையிடி, முகச் சிவப்பு, மேலுடம்பில் வியர்வை. இவர்களுக்கு மேல் அழுத்தம் வழக்கமாகவே 90, 100 தான் இருக்கும். ஆகவே 130 காட்டினால் 'நோர்மல்' என்று விட்டுவிடாதீர்கள். ஊசியை எடுங்கள், நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள், இடுப்புக் கட்டைத் தளர்த்துங்கள், கதீட்டர் குழாய் மடிந்திருக்கிறதா பாருங்கள். அடங்காவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். படுக்க வைக்கவே கூடாது.

ஜனவரி 15, புதன்

பொங்கல் முடிந்ததும் வீட்டுக்கு வீடு பொல்பலா (சிறுபீளைச் செடி) அவியும். சலக்கடுப்புக்கு நல்லது என்று இடித்து அவித்து நாளுக்கு மூன்று கோப்பை குடிக்கிறார்கள். சலம் கூடும், உண்மைதான். ஆனால் நாலு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுப்பவருக்கு அந்தக் கூடின சலம் எங்கே போகும்? ஒரு தடவையில் 500 மில்லிலீட்டருக்கு மேல் சேரக்கூடாது. மிஞ்சினால் பை விரியும், சிறுநீரகத்துக்கு எதிர்த்து ஏறும். குடிப்பதானால் அதையும் நாளின் தண்ணீர்க் கணக்கில் சேருங்கள், படுக்குமுன் வேண்டாம், அளவுக் கோப்பையில் அளந்து எழுதுங்கள். காய்ச்சலும் குலப்பனும் (குளிர் நடுக்கமும்) வந்தால் கசாயம் போதாது, சலப் பரிசோதனை வேண்டும்.

ஜனவரி 17, வெள்ளி

பஸ்பம், செந்தூரம் என்று பொட்டலத்தில் வருவதில் பாதரசம், ஈயம் இருக்கலாம். சிறுநீரகம் ஏற்கெனவே பாரம் சுமப்பவருக்கு அது தேவையில்லை. நாட்டு மருந்து தொடங்கும்போது தசை இழுப்பைக் குறைக்கும் பக்லோபென் குளிசையைத் தானாக நிறுத்துவதும் நடக்கிறது. திடீரென விட்டால் இழுப்பு பலமடங்காகும், வலிப்பு வரலாம். குறைப்பதானால் கிளினிக்கில் சொல்லிப் படிப்படியாக.

ஜனவரி 21, செவ்வாய்

முறிவு நெரிவு பார்க்கும் வெதமாத்தயாவிடம் (நாட்டு வைத்தியரிடம்) போவதைத் தடுத்துப் பயனில்லை. சொல்லிப் போவதுதான் நல்லது. ஒரு துண்டில் எழுதிக்கொடுங்கள்: எந்த மட்டத்தில் அடி, உணர்ச்சி எதுவரை, உள்ளே கம்பி, ஸ்குரூ இருக்கிறதா, என்ன குளிசை, கதீட்டர் போட்டிருக்கிறதா இல்லையா. முதுகையோ கழுத்தையோ சொடுக்கெடுக்க விடாதீர்கள். மருந்துப் பற்றுப் போட்டுக் கட்டினால் குதிக்காலும் கணுக்கால் மொளியும் வெளியே தெரியட்டும். கால் நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் இரண்டு செக்கனில் பழைய நிறத்துக்குத் திரும்பாவிட்டால் கட்டை அவிழுங்கள். தோலில் சிவப்பு கண்டால் விரலால் அழுத்துங்கள். வெளுக்காத சிவப்பு புண்ணின் தொடக்கம், அந்தப் பக்கம் சிவப்பு மறையும்வரை பாரம் படக்கூடாது.