ஜம்போ ராக்ஸ்: பாறை மறைவில் இரண்டு இரவு

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்கள் எந்த கேம்ப்கிரவுண்டு என்று முடிவு செய்ததும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இரவு தூக்கம் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது உங்களுக்குக் கிடைத்த இடத்தை ஒட்டி நிற்கும் பாறைதான். காற்று, வெயில், குளிர், எலி, கூடார முளை நிற்பது, நிற்காதது எல்லாமே அந்தப் பாறை எந்தத் திசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

ஜம்போ ராக்ஸ் கடல் மட்டத்திலிருந்து 4,400 அடி உயரத்தில் இருக்கிறது. 124 இடங்கள். பூங்காவிலேயே பெரிய கேம்ப்கிரவுண்டு இதுதான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மேசை, ஒரு நெருப்பு வளையம். எல்லோருக்கும் பொதுவான குழிக் கழிப்பறைகள். அவ்வளவுதான். குழாய் கிடையாது, மின்சாரம் கிடையாது, செல்போன் சிக்னலை நம்ப முடியாது. ஓர் இடத்தில் 6 பேர், 3 கூடாரம் வரை அனுமதி. ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் 6 மாதம் முன்னதாகவே பதிவு செய்யலாம். அக்டோபர் முதல் மே வரை வார இறுதி நாட்கள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் அங்கிருந்து சற்றுத் தள்ளி ஒயிட் டேங்க் என்று 15 இடமும், பெல் என்று 18 இடமும் உண்டு. இரண்டும் முதலில் வருகிறவர்களுக்குத்தான். வெள்ளி மாலை போய் நின்றால் ஏமாற்றமே மிஞ்சும். வியாழன் காலை போக முடிந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை போக வேண்டாம். பகலில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும், இரவிலும் பாறை ஆறாது.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சுமார் 140 மைல். பலர் ஜோஷுவா ட்ரீ ஊர் வழியாக மேற்கு வாசலில் நுழைகிறார்கள். சனிக்கிழமை காலையில் அங்கே வண்டிகள் நீளமாக வரிசை கட்டி நிற்கும். ஜம்போ ராக்ஸுக்கு ட்வென்டிநைன் பாம்ஸ் ஊரைத் தாண்டி வடக்கு வாசல் வழியாகப் போவதே நல்லது. உள்ளே போன பிறகு ஓட்ட வேண்டிய தூரமும் குறைவு. பெட்ரோல், தண்ணீர், விறகு, ஐஸ் நான்கையும் அந்த ஊரிலேயே முடித்துவிட வேண்டும். உள்ளே கடை எதுவும் இல்லை. வரைபடத்தையும் அங்கேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போடவேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர், நடந்தால் 8 லிட்டர் என்பது பூங்கா சொல்லும் அளவு. நான்கு பேர் வெள்ளி மாலை போய் ஞாயிறு மதியம் திரும்புவதாக வைத்துக்கொண்டால் முழுதாக இரண்டு நாள். ஆளுக்கு 6 லிட்டர் என்றால் குடிக்க மட்டும் 48. சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 12, நெருப்பை அணைக்க 8. ஆக 68 லிட்டர். ஐந்து கேலன் கேன் ஒன்று 19 லிட்டர் பிடிக்கும், எனவே நான்கு கேன். ஒரே பெரிய டிரம்மில் கொண்டுபோகாதீர்கள். மூடி கசிந்தால் மொத்தமும் போய்விடும். தட்டுகளைக் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட்டுக் கழுவினால் பாத்திரத் தண்ணீர் பாதியாகக் குறையும்.

தேனீக்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெயில் ஏறிய நாளில் ஈரம் எங்கிருந்தாலும் அவை தேடி வரும். கேன் குழாயின் நுனியில் தொங்கும் ஒரே ஒரு சொட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தேனீ மொய்த்துக்கொண்டிருக்கும். குழந்தை தண்ணீர் பிடிக்கக் கை நீட்டுவதும் அங்கேதான். குழாய் நுனியைத் துடைத்து மூடி போடுங்கள். ஈரத் துண்டை மேசையில் காயப்போடாதீர்கள். ஏசி போட்டு ஓட்டி வந்த காரின் அடியில் சொட்டும் நீருக்குக்கூட அவை வரும் என்பதால் கார் கண்ணாடியை ஏற்றியே வையுங்கள்.

இனி கூடாரம். சரிந்து கிடக்கும் இந்தப் பாறைகள் செஞ்சி மலையைப் பார்த்தவர்களுக்கு உடனே பழக்கமானவையாகத் தெரியும், ஆனால் வயது வேறு. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நிலத்தடியில் குழம்பாக இருந்து இறுகிய மான்சோகிரானைட் என்ற கருங்கல் வகை இது. இறுகிய பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டது. விரிசல் வழியே இறங்கிய நீர் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக மாற்றி, பாறைக் கட்டிகளின் முனைகளை மழுக்கி உருட்டியது. பிறகு மேல்மண் அடித்துச் செல்லப்பட, உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. உதிர்ந்த துகள்தான் உங்கள் காலடியில் இருக்கும் பருமணல். கையில் அள்ளிப் பாருங்கள்: கோதுமை ரவையைவிடப் பருமனாக, விளிம்பு கூராக, கண்ணாடிபோல் மின்னும் குவார்ட்ஸ் ஒன்று, பால் நிறத்தில் ஃபெல்ட்ஸ்பார் ஒன்று, நடுவே கறுப்பு மைக்கா பொட்டு. ஒன்றோடொன்று ஒட்டாது. அதனால்தான் கூடாரத்தோடு கடையில் வரும் மெல்லிய அலுமினியக் கொக்கி முளை இங்கே நிற்பதில்லை.

இரண்டு வித நிலம் உண்டு, இரண்டுக்கும் முளை வேறு. பலர் மிதித்து இறுகிப்போன தரையில் அலுமினிய முளை இறங்காமல் வளையும். அங்கே 10 முதல் 12 அங்குல இரும்பு ஆணி முளையும் ஒரு கனமான சுத்தியலும் வேண்டும். பாறை ஓரத்தில் தளர்வாகக் கிடக்கும் மணலில் அதே ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி, காற்று வந்ததும் அதே சுலபத்தோடு வெளியே வரும். அங்கே அகலமான மணல் முளைதான். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள்.

எந்த முளையும் பிடிக்காத இடத்தில் இரண்டு கல் முறை. இழுகயிற்றைத் தேங்காய் அளவு கல்லில் சுற்றித் தரையில் வையுங்கள். அதற்கும் கூடாரத்துக்கும் நடுவே, கயிற்றின் மேலேயே, ஒரு பெரிய கல்லை உட்காரவையுங்கள். காற்று இழுக்கும்போது சின்னக் கல் பெரிய கல்லில் முட்டி நின்றுவிடும். பெரிய கல்லை மட்டும் கயிற்றில் கட்டினால் கூரிய விளிம்பில் உராய்ந்து கயிறு அறுந்துபோகும், பலரும் செய்யும் தவறு இது. கல்லைத் தூக்குமுன் காலால் ஒருமுறை அசைத்துப் பாருங்கள், அடியில் தேள் இருக்கக்கூடும். கிளம்பும்போது கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

எங்கே அடிப்பது? இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், வசந்த காலப் பிற்பகல்களில் மூர்க்கமாக வரும். எனவே பாறைக்குக் கிழக்கே, அதன் மறைவில். ஆனால் இரண்டு பாறைகளுக்கு நடுவிலுள்ள சந்து வேண்டாம். மறைவுபோல் தெரியும், உண்மையில் காற்று அங்கே குறுகி வேகம் பிடிக்கும். பாறை அடிவாரத்தை ஒட்டியும் போடாதீர்கள். விரிசல்களில் எலிகள் குடியிருக்கின்றன, இரண்டு மூன்று மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். வறண்ட ஓடைத் தடத்தில் கூடவே கூடாது, எங்கோ தொலைவில் பெய்த மழை அந்த வழியாக வரும். பள்ளமான இடத்தில் குளிர்ந்த காற்று இறங்கித் தேங்குவதால் சற்றே மேடான இடம் கதகதப்பாக இருக்கும். குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் கிழக்குப் பக்கம் பாறை இல்லாத இடமாகப் பாருங்கள். இல்லாவிட்டால் வெயில் வந்து சேர ஒன்பது மணி ஆகிவிடும்.

கூடாரத்தை நிறுத்தி வைத்துவிட்டு நாள் முழுக்கச் சுற்றப் போகாதீர்கள். காற்று எச்சரிக்கை இருந்தால் கம்பிகளை உருவி, துணியைத் தரையில் படுக்கவைத்து, மேலே தண்ணீர் கேனை ஏற்றிவிட்டுப் போங்கள். ஐந்து நிமிட வேலை. வளைந்த கம்பியை அங்கே சரிசெய்ய வழியில்லை. நிழல் பந்தல்கள்தான் முதலில் பறப்பவை, அவற்றைக் கொண்டுவராமலிருப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. ஜோஷுவா மரத்தில் கயிறோ ஊஞ்சலோ கட்டக் கூடாது. யுக்கா வகைச் செடி அது, வேர் ஆழமில்லை, கிளை உறுதியில்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் பூஜ்யம் டிகிரியைத் தொடும். ஸ்லீப்பிங் பேக்கின் மேல் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் அளவுதான், சுகமாகத் தூங்கும் அளவு அல்ல. மைனஸ் 7 என்று எழுதியதை எடுத்தால்தான் பூஜ்யத்தில் தூங்கலாம். அடியில் விரிக்கும் பாயை விட்டுவிட்டு மேலே போர்த்துவதை மட்டும் கூட்டிப் பயனில்லை, உடல் சூட்டைத் தரைதான் உறிஞ்சும்.

இந்தக் குளிரில் அடுப்பும் சண்டித்தனம் செய்யும். நம் வீடுகளில் பலரும் வைத்திருக்கும் ஒற்றை பர்னர் பியூட்டேன் அடுப்பு, பூஜ்யத்தை நெருங்கும் காலையில் நீலப் பொட்டாக எரிந்து அணையும். காரணம் எளிது: பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில்தான் ஆவியாகும், அதற்குக் கீழே குப்பியில் திரவமாகவே கிடக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும் என்பதால் அந்தக் குப்பி போடும் இரட்டை அடுப்பைக் கொண்டுபோங்கள். காற்றுத் தடுப்புத் தகடு உள்ளதாக இருக்கட்டும். கூடாரத்துக்குள் எந்த அடுப்பும் கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொல்லும். காலைக் காபிக்கான தண்ணீரை இரவே பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். கேன் வாய் உறைந்தாலும் பாத்திரத்தை நேரே அடுப்பில் ஏற்றலாம்.

இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது என்று தோன்றும். 3 லிட்டர் குக்கர் இருந்தால் கவலையில்லை, வீட்டைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். குக்கர் விசில் பாறைகளில் மோதி எதிரொலிக்கும், எனவே 9 மணிக்குள் சமையலை முடித்துவிடுவதுதான் மரியாதை. முதல் இரவுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விட்டால் இருட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம். சாப்பாடு, குப்பை, பற்பசை எல்லாம் காருக்குள். அண்டங்காக்கை பையின் ஜிப்பைத் திறக்கும், கொயோட்டி எனும் சிறு ஓநாய் இரவில் மேசையைச் சுற்றி வரும்.

காய்ந்த சுள்ளிகூட அங்கே பொறுக்கக் கூடாது. ஓர் இரவுக்கு இரண்டு கட்டு விறகு போதும். கூடாரம் நெருப்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளியிருக்கட்டும், ஒரு பொறி போதும் நைலானில் ஓட்டை விழ. படுக்கப்போகுமுன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் காட்டிச் சூடு இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். கோடையில் நெருப்புத் தடை அமலாகும்.

பாறை ஏறாமல் யாரும் திரும்புவதில்லை. சொரசொரப்பு ரப்பர் காலணியை அருமையாகப் பிடிக்கும். பாறையில் குறுக்கே ஓடும் வெளிர்நிறப் பட்டைகள், அதாவது ஆப்லைட் கோடுகள், சற்று துருத்தி நின்று படிபோல் உதவும். ஆபத்து இரண்டு இடத்தில். சரிவின் மேல் சிதறிக் கிடக்கும் பருமணல் காலடியில் உருண்டு வழுக்கும், அதைக் கையால் தள்ளிவிட்டு மிதியுங்கள். மற்றது தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் பொருக்கு, அது பெயர்ந்து வரும். ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் கால் வைக்கும் இடம் தெரியாது. குழந்தைகளை இரண்டு மீட்டர் ஏறியதும் ஒருமுறை இறங்கிக் காட்டச் சொல்லிவிட்டு மேலே விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் கை விடக் கூடாது, கிலுகிலுப்பைப் பாம்பு நிழலுக்கு அங்கேதான் ஒதுங்கும். உள்ளங்கை சிராய்க்கும், பிளாஸ்திரி நிறைய வேண்டும். சோய்யா கள்ளி ஒட்டிக்கொண்டால் விரலால் பிடுங்காமல் ஒரு சீப்பைக் கொடுத்து நெம்பித் தள்ளுங்கள்.

கேம்ப்கிரவுண்டிலிருந்தே மண்டையோட்டுப் பாறைக்கு நடந்து போகலாம். முழுச் சுற்று 1.7 மைல். பாறைக் கூட்டங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அவ்வப்போது திரும்பிப் பார்த்து வந்த வழியை மனத்தில் வையுங்கள். இழுகயிறுகளில் ஒளி எதிரொளிக்கும் பட்டை சுற்றினால் இருட்டில் கூடாரம் கண்ணில் படும், காலும் தடுக்காது.

2017-இல் இந்தப் பூங்கா சர்வதேச இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அமாவாசைக்கு முன்பின் நான்கு நாளுக்குள் தேதி பார்த்துப் பதிவு செய்யுங்கள். சிவப்பு ஒளி ஹெட்லாம்ப் மட்டும். ஏப்ரல் கடைசியில் நள்ளிரவுக்குப் பிறகு பால்வீதியின் நடுப்பகுதி தென்கிழக்கில் எழும். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிவாக்கில் சிரியஸுக்கு வெகு கீழே, அடிவானத்துக்கு மூன்று டிகிரி மேலே, அகத்திய நட்சத்திரம் தலைகாட்டும். தமிழ்நாட்டில் நன்றாக உயரத்தில் நிற்கும் அது இங்கே மண்ணைத் தொட்டுக்கொண்டு போகிறது. தெற்கே மலையோ பாறையோ மறைக்காத திறந்த இடத்துக்குப் போனால்தான் கிடைக்கும்.

கிளம்பும் காலையில் ஆணி முளைகளை எண்ணி எடுங்கள், மணலில் புதைந்த ஒன்று அடுத்தவர் காலில் ஏறும். வண்டியைக் கிளப்புமுன் குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பாருங்கள். பாலை ஆமை நிழலுக்கு அங்கே வந்து படுக்கும். இருந்தால் தொடாதீர்கள். பயந்தால் மாதக்கணக்கில் சேர்த்து வைத்த நீரைச் சிறுநீராக விட்டுவிடும், மறு மழை வரை அதற்கு வேறு தண்ணீர் இல்லை. அதுவாக நகர்ந்து போகும் வரை காத்திருங்கள்.